கோப்பை முதலில் வந்துவிட்டது

அன்புள்ள அண்ணா,

போன வாரம் பையனுக்கு ஷூ வாங்கக் கோவை நேரு ஸ்டேடியத்துக்கு அடியில் இருக்கிற கடைகளுக்குப் போயிருந்தேன். கடைக்காரர் சைஸ் தேடிக்கொண்டிருந்தபோது பையன் ஸ்டேடியத்தைக் காட்டி, "இங்கே யாருப்பா விளையாடுவாங்க?" என்று கேட்டான். 2019இல் இங்கே ஒரு டீம் ஐ-லீக் என்கிற தேசிய ஃபுட்பால் லீக்கில் சாம்பியன் ஆச்சு, அப்பா கேலரியில் உட்கார்ந்து பார்த்தேன் என்றேன். "அந்த டீம் இப்போ எங்கே?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

அந்த டீம் சென்னை சிட்டி. அந்த சீசனில் அவர்கள் கோவையில் ஆடிய எந்த ஆட்டத்தையும் நான் விட்டதில்லை. பொள்ளாச்சியிலிருந்து பைக்கில் வந்து பார்த்துவிட்டுப் போவேன். இப்போது நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. கோல் அடித்தவர்கள் பெரும்பாலும் ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள். பயிற்சியாளர் சிங்கப்பூர்க்காரர். பெயரோ சென்னையின் பெயர். இரண்டு வருடம் கழித்து, லீக்கில் ஆடத் தேவையான கிளப் லைசென்ஸ் கிடைக்காமல் ஐ-லீக்கிலிருந்தே வெளியே போய்விட்டார்கள். அப்படியானால் தொண்டை கட்டும்வரை நான் கத்தியது யாருக்காக? உங்களையும் கடைசி ஆட்டத்தன்று கேலரியில் பார்த்த ஞாபகம். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

எஸ்., பொள்ளாச்சி

அன்புள்ள எஸ்.,

நீங்கள் பார்த்தது என்னைத்தான். முன்னால் ஓட்டப்பாதை இருப்பதால் அந்தக் கேலரியிலிருந்து மைதானம் எப்போதுமே கொஞ்சம் தள்ளித்தான் தெரியும். என் கண்ணுக்கு எதிர்ப்பக்கக் கோல் போஸ்ட் ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். பந்து உள்ளே போனதா இல்லையா என்பதைப் பக்கத்தில் இருப்பவர் எழுந்து நிற்பதை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன்.

கூச்சத்தை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த மார்ச் 9, சனிக்கிழமை.

முந்தைய ஆட்டத்தில் சர்ச்சில் பிரதர்ஸிடம் 3-2 என்று தோற்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு வெறும் கொண்டாட்டம்தான். தோற்றதால் கணக்கு கடைசி நாளுக்கு வந்து நின்றது. நமக்கு 40 பாயிண்ட், கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்கு 39. இங்கே நமக்கு மினர்வா பஞ்சாபோடு ஆட்டம். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கு கோகுலம் கேரளாவோடு. நாம் ஜெயித்துவிட்டால் அங்கே என்ன நடந்தாலும் கவலையில்லை. ஆட்டம் தொடங்கி மூன்று நிமிடம்கூட உருப்படியாக ஆகவில்லை, மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை அப்படியே.

எனக்கு இரண்டு வரிசை கீழே ஒரு மலையாளி உட்கார்ந்திருந்தார். கையில் போன், அதில் கோழிக்கோட்டு ஆட்டம். அவரைச் சுற்றி ஒரு பத்துப் பேர். மைதானத்தைப் பார்ப்பதா அவர் முகத்தைப் பார்ப்பதா என்று தெரியாத கூட்டம். இரண்டாவது பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அப்புறம் கௌரவ் போரா. அசாம்காரர், பின்வரிசைக்காரர், கோல் அடிப்பது அவர் வேலையே இல்லை. அவர் இரண்டாவது கோலை அடித்த அதே சமயத்தில்தான் கோழிக்கோட்டிலும் கோகுலம் ஒரு கோல் போட்டது. போன்காரரைக் கூட்டம் தூக்காத குறை. ஏதோ அவரே போட்டுக்கொடுத்த மாதிரி.

பத்து நிமிடம்தான். ஈஸ்ட் பெங்கால் ஒன்று போட்டது, பிறகு இன்னொன்று. மனிதர் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு மைதானத்தைப் பார்க்க ஆரம்பித்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. இப்போது இங்கே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டால் கோப்பை கொல்கத்தாவுக்கு. அந்தக் கடைசி நிமிடங்களில் எங்கள் வரிசையில் எச்சில் விழுங்குகிற சத்தம்கூடக் கேட்டிருக்கும். இன்ஜுரி டைமில் மறுபடியும் அதே போரா, 3-1. எனக்கு வழக்கம்போல பந்து தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் எழுந்தார், நானும் எழுந்தேன்.

43 பாயிண்டுக்கு 42. ஐ-லீக்கை வென்ற முதல் தமிழ்நாட்டு அணி. முந்தைய சீசனில் 10 அணிகளில் 8ஆவதாக முடித்த அணி அது. அதில் நன்றாக ஆடிய ஒரே காரணத்துக்காக மைக்கேல் சூசைராஜை ஜாம்ஷெட்பூர் தூக்கிக்கொண்டு போயிருந்தது. அவர் இல்லாமல் என்ன செய்யப்போகிறார்கள் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்.

சரி, ஸ்பெயின் விஷயம். மான்சி மட்டும் 21 கோல். அவரும் சர்ச்சிலின் வில்லிஸ் பிளாசாவும் சேர்ந்து அந்த சீசனில் அதிக கோல் அடித்தவர்கள். நெஸ்டர், சாண்ட்ரோ எல்லாரும் அங்கே கீழ்நிலை லீக்குகளில் ஆடியவர்கள். பயிற்சியாளர் அக்பர் நவாஸ் இவர்களை வைத்துப் பந்தைத் தரையோடு தரையாக ஓடவிட்டார். ஆனால் கூடவே ஆடியது யார்? சென்னைப் பையன் எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ, அஜித்குமார். இதையெல்லாம் விடுங்கள். அந்த வருடம் ஈஸ்ட் பெங்காலுக்கும் பயிற்சியாளர் ஸ்பெயின்காரர்தான், ஆட்டக்காரர்களிலும் ஸ்பெயின்காரர்கள் உண்டு. கொல்கத்தாவில் ஒருவர்கூட "நான் யாருக்காகக் கத்தினேன்?" என்று யாருக்கும் கடிதம் எழுதியிருக்க மாட்டார். ஏன் என்று யோசித்துப் பாருங்கள்.

ஈஸ்ட் பெங்கால் 1920இல் தொடங்கிய கிளப். 2019க்கு முன் கடைசியாக தேசிய லீக்கை ஜெயித்தது 2003-04இல். நம் கதை நடக்கும்போது அவர்கள் பதினைந்து வருடமாகக் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் அலைந்துகொண்டிருந்தார்கள். தாத்தா திட்டியிருக்கிறார், அப்பா திட்டியிருக்கிறார், இப்போது பேரன் திட்டுகிறான். யார் வந்து கோல் போட்டாலும் அது அவர்கள் வீட்டுக் கோல். உங்களுக்கும் எனக்கும் அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. நமக்குக் கோப்பை முதலில் வந்துவிட்டது. சேர்ந்து தோற்பதற்குக் காலம் தரவில்லை. உங்கள் கூச்சம் அங்கிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம். ஸ்பெயின்மேல் பழி போடாதீர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததும் அப்படித்தான், மளமளவென்று. அந்த சீசன் முடிவதற்குள்ளேயே சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கை வாங்கியது, பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று பேசிக்கொண்டோம். எட்வின் சென்னையின் எஃப்சி என்கிற வேறு கிளப்புக்குப் போனார். 2020 தொடக்கத்தில் மான்சி ஜப்பானுக்குப் போய்விட்டார், ரொமாரியோ கோவாவுக்கு. மார்ச் 2020இல் ஆசிய கிளப்புகளுக்கான ஏஎஃப்சி கோப்பையில் மாலத்தீவின் மாசியாவோடு 2-2. ஆசியப் போட்டியில் நம் அணியின் முதல் சொந்த ஆட்டம், நடந்தது அகமதாபாத்தில்! அதோடு கொரோனா வந்து போட்டியே நின்றுபோனது. லைசென்ஸ் கதையை நீங்களே எழுதிவிட்டீர்கள். அதில் குற்றம் யாருடையது என்று ஒரு மணி நேரம் பேசலாம். எனக்கு அதில் இப்போது ஆர்வம் இல்லை.

எனக்கு வருத்தம் வேறு ஒன்றில். 8ஆவது இடத்தில் முடித்த அந்த 2017-18 சீசனில் நான் ஸ்டேடியத்துக்கு எத்தனை முறை போனேன் தெரியுமா? ஒரே ஒரு முறை. அதுவும் மழை வருகிற மாதிரி இருந்ததால் பாதியில் கிளம்பிவிட்டேன். நீங்கள் எத்தனை முறை போனீர்கள் என்று நான் கேட்கவில்லை.

பையன் கேட்டதற்கு உள்ளதை உள்ளபடி சொல்லலாம். அந்த டீம் இப்போ இல்லப்பா என்று. எட்டு வயதோ பத்து வயதோ, தாங்கிக்கொள்வான். அப்புறம், வாங்கியது ரன்னிங் ஷூவா, ஃபுட்பால் ஷூவா என்று நீங்கள் எழுதவில்லை. ஃபுட்பால் ஷூ என்றால் சொல்லுங்கள். மாவட்ட லீக் ஆட்டம் எங்கே, எப்போது என்று விசாரித்து வைக்கிறேன், மூன்று பேரும் போகலாம். அங்கே ஓட்டப்பாதை கிடையாது, கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கலாம், எனக்கும் பந்து தெரியும்.