ஆண்டவரிடம் சண்டை போடலாமா?

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் மூன்று நாள் விடியற்காலை பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போய் டயாலிசிஸ் செய்கிறோம். ஊரில் இருந்த கடையை மூடியாயிற்று. நாங்கள் பரம்பரையாக சி.எஸ்.ஐ. சபை. போன மாதம் ஒரு ஜெபக்கூட்டத்தில் பிரசங்கியார் ஒருவர் இவர் தலையில் கைவைத்து, "வீட்டில் அறிக்கையிடாத பாவம் இருக்கிறது. விசுவாசம் இருந்தால் மெஷினை விட்டுவிடலாம்" என்றார். அன்றிலிருந்து இவர் ஆஸ்பத்திரிக்கு வரத் தயங்குகிறார். அத்தையும் அதையே பிடித்துக்கொண்டார்கள். எனக்கோ முழங்காலில் நின்றால் ஜெபம் வரவில்லை, "எங்களுக்கு மட்டும் ஏன்?" என்று கோபம்தான் வருகிறது. இது பாவமா? ஆறுதலுக்கு நான் எங்கே போக?
- பெயர் வேண்டாம், திசையன்விளை பக்கம்

பதில்: தங்கச்சி, முதலில் டயாலிசிஸ். ஒரு தடவைகூட விடக் கூடாது. வெளியேற வேண்டிய நீரும் பொட்டாசியமும் உடம்பில் தேங்கினால் மூச்சு முட்டும், இதயமே நின்றுபோகலாம். மெஷினை விடச் சொன்னவர் அந்த ராத்திரி உங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காரப் போவதில்லை. அத்தையிடம் இதை நீங்கள் சொல்லாதீர்கள். மருமகள் வாயால் வந்தால் அது வேறு சண்டையாகிவிடும். டாக்டரையோ, சபைப் போதகரான சேகரத்து ஐயரையோ சொல்ல வையுங்கள்.

அப்புறம் அந்தப் பாவக் கணக்கு. பிறவிக் குருடனைப் பார்த்து சீஷர்களும் இதைத்தான் கேட்டார்கள்: பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா? இரண்டு பேரும் இல்லை என்று இயேசுவே சொல்லிவிட்டார். யோவான் 9-ஆம் அதிகாரம். அத்தையிடம் கண்ணாடியை எடுத்துக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

விசுவாசம் இருந்தால் எழுந்துவிடலாம் என்கிறவர்களுக்குப் பதில் சொல்ல தூரம் போக வேண்டாம், டோனாவூர் இருக்கிறது. அயர்லாந்திலிருந்து மிஷனரியாக வந்து, அங்கே நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அம்மாவாக இருந்த ஏமி கார்மைக்கேல், 1931 அக்டோபரில் களக்காட்டுக்கு ஒரு வீட்டைப் பார்க்கப் போனார். பொழுது மங்கிய நேரம், புதிதாக வெட்டியிருந்த குழியில் விழுந்து கால் முறிந்தது. டோனாவூரே ஜெபித்தது. அவர் பழையபடி எழுந்து நடமாடவே இல்லை. 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறை, ஒரே கட்டில். அவருக்கு விசுவாசம் குறைவு என்று நம் பக்கத்தில் யாராவது சொல்லட்டும் பார்ப்போம்! அந்தக் கட்டிலில் கிடந்தபடி அவர் நோயாளிகளுக்காகவே ஒரு புத்தகம் எழுதினார். நல்ல உடம்புக்காரர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல் புத்தகங்கள் தன் மனதில் ஒட்டவில்லை என்பதால், நோயாளி நோயாளிக்கு எழுதும் கடிதங்களாகவே அதை எழுதினார்.

எனக்கு அது நன்றாகப் புரியும். என் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுத்திருந்தபோது, வந்தவர்களெல்லாம் சகலமும் நன்மைக்கு ஏதுவாகவே நடக்கிறது என்றார்கள். அந்த வசனத்தின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அதைச் சொல்லும்போது குத்தத்தான் செய்தது. பக்கத்து வீட்டு மைனி மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டாள். சுளகை மடியில் வைத்து முருங்கைக்கீரையை உருவுவாள். காம்பைத் தனியாக ஒதுக்குவாள், பழுத்த இலையைப் பொறுக்கிப் போடுவாள். கீரையை அடுப்படியில் வைத்துவிட்டு, "வாறேன்" என்று போய்விடுவாள். அவள் போனபிறகு எனக்குக் கொஞ்சம் மூச்சுவிட முடியும்.

வேதத்தில், எல்லாவற்றையும் இழந்து நோயிலும் விழுந்த யோபுவின் சிநேகிதர்களும் முதல் ஏழு நாள் மைனி மாதிரிதான் இருந்தார்கள். இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்தபிறகுதான் கெட்டது. அதிகாரம் அதிகாரமாக ஆண்டவருக்காக வக்காலத்து வாங்கினார்கள். யோபுவோ பிறந்த நாளையே சபித்தார், என் வழக்குக்குப் பதில் சொல்லும் என்று ஆண்டவரையே கூப்பிட்டார். கடைசியில் ஆண்டவர் அவரையும் சும்மா விடவில்லை, கேள்விமேல் கேள்வி கேட்டார். ஆனாலும் என்னைப் பற்றி யோபு பேசியதுபோல நீங்கள் சரியாகப் பேசவில்லை என்று கோபப்பட்டது அந்தச் சிநேகிதர்களிடம்தான். அவர்களுக்காக யோபுவே ஜெபிக்க வேண்டியதாயிற்று.

அதனால் உங்கள் கோபத்தைப் பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். அதை ஆண்டவரிடம்தானே கொண்டுபோகிறீர்கள்? கேட்க ஆள் இருக்கிறார் என்று நம்புகிறவள்தானே சண்டைக்குப் போவாள்? 88-ஆம் சங்கீதம் கடைசி வரி வரை விடியவே விடியாது, இருளிலேயே முடியும். அதையும் வேதத்தில் வைத்துத்தான் இருக்கிறார்கள். கல்வாரிச் சிலுவையில் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கேட்டவரைத்தானே நாம் ஆராதிக்கிறோம்?

ஜெபம் வராத நாளில் வலிந்து செய்யாதீர்கள். சாயங்கால ஜெபத்தில் வீட்டில் யாராவது ஒரு சங்கீதம் வாசிக்கட்டும், நீங்கள் சுவரில் சாய்ந்து கேட்டால் போதும். கோயிலில் பாட வாய் வராவிட்டாலும் போய் உட்காருங்கள், மற்றவர்கள் பாடுவார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் யாராவது "என்ன உதவி வேணும்?" என்று கேட்டால், "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் அவரோடு பாளையங்கோட்டைக்குப் போய்வர ஆள் வேண்டும் என்று கேளுங்கள். அன்றைக்கு நீங்கள் தூங்குங்கள்.

வீட்டுக்காரர் கோயிலுக்கு வர முடியவில்லை என்றால் ஐயரை வீட்டுக்கே வந்து திருவிருந்து கொடுக்கச் சொல்லுங்கள். டாக்டர் சொன்ன தண்ணீர் அளவுக் கணக்கை நினைத்துப் பயப்பட வேண்டாம், அப்பத்தைத் திராட்சரசத்தில் தொட்டுக் கொடுப்பார். அத்தையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.