நாக்கில் பிழையில்லை

வணக்கம் அண்ணா,

நல்லூரில் ஒரு விடுதியில் வரவேற்பில் வேலை செய்கிறேன். போன கிழமை லண்டனிலிருந்து வந்த ஒரு குடும்பத்திடம், அறை வசதியாக இருக்கிறதா என்று கேட்க 'கொம்-போர்-டே-பிள்' என்றேன். அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. மூன்றாம் தரம் சொல்ல, கூட நின்ற பிள்ளை சிரித்துவிட்டது. சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு ஏ எடுத்தவள் நான். தமிழ் நாக்குக்கு இந்தச் சொல் வராதா?

வாசகி, நல்லூர்

அன்புள்ள தங்கச்சி,

அந்தச் சிரிப்பை மனதில் வைத்திருக்க வேண்டாம். நாக்கில் பிழையில்லை. அந்தச் சொல்லை நீங்கள் வாசித்திருக்கிறீர்கள், கேட்கவில்லை. அவ்வளவுதான்.

எனக்கும் அப்படித்தான். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்போம். சுற்றுவது என் வேலை. கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேய்ந்துவிடும். ஒருநாள் ஆங்கிலச் செய்தியில் ஏதோ ஒரு அணி 'கம்ஃப்டபிள்' ஆக வென்றது என்று காதில் விழுந்தது. என்ன சொல் என்று அப்பாவைக் கேட்டேன். கொப்பியின் ஓரத்தில் எழுதிக் காட்டினார். புத்தகத்தில் நூறு தரம் பார்த்த சொல், காதில் விழுந்தபோது அடையாளம் தெரியவில்லை.

தமிழில் எழுதியதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆங்கிலம் ஒரு சொல்லில் ஒரு இடத்தைத்தான் அழுத்தும், மற்ற உயிரொலிகளைத் தேய்த்துவிடும், சிலவற்றை விழுங்கியே விடும். இங்கே அழுத்தம் 'கம்'மில். அகராதியில் அதற்கு முன்னால் மேலே ஒரு சிறு கோடு போட்டிருப்பார்கள். நடுவில் இருந்த 'போர்' அநேகமாக முழுதாகவே போய்விட்டது. மிஞ்சியது கம்ஃப்-ட-பிள், மூன்று அசை. (கம்-ஃப-ட-பிள் என்று நாலாகச் சொல்பவர்களும் உண்டு, அதுவும் சரிதான்.)

இப்படித் தேய்ப்பது நமக்குப் புதிதா? 'காற்று' என்று சொல்லிப் பாருங்கள். கடைசி உகரம் அரை மாத்திரைதான். குற்றியலுகரம் என்று படித்திருப்பீர்கள், படிக்காதவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். 'போர்', 'டே' எல்லாவற்றையும் அதேபோல் தேய்த்துவிடுங்கள். 'டேபிள்' என்ற மேசையை மறந்தே விடுங்கள்.

அதே 'காற்று' இன்னொரு உதவியும் செய்யும். நம் ஊரில் அதைச் சொல்லும்போது நாக்கு நுனி மேற்பல்லுக்குச் சற்றுப் பின்னால் ஈறில் தொடுகிறது. ஆங்கிலக்காரர் நாக்கும் அங்கேதான் தொடும். பற்றரிக்கு நாம் ற்ற போட்டு எழுதுவது அதனால்தான். நாக்கை உள்ளே மடித்து 'ட' சொன்னால் சொல் கனத்துவிடும்.

கண்ணாடி முன் நில்லுங்கள். 'கம்' என்று உதட்டை மூடுங்கள். உடனே கீழுதட்டை மேற்பல்லில் தொட்டுக் காற்றை விடுங்கள். அப்புறம் அந்த ற்ற, பிறகு மெல்ல 'பிள்'. முதலில் ஆறுதலாக, பிறகு ஒரே மூச்சில். வெஜிடபிளும் இதே கதைதான்: வெஜ்-ட-பிள்.

அடுத்த விருந்தாளிக்குச் சாவி கொடுக்கும்போது கேட்டுப் பாருங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா