பெரிய காசில் வெள்ளி அதிகமா?

கேள்வி: பெர்லினில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் ஜெர்மனியின் பழைய 5 மார்க் வெள்ளிக் காசு இரண்டு பார்த்தேன். ஒன்று 1928, ஓக் மரம் போட்டது, பெரியது. மற்றது 1936, முன்னாள் ஜெர்மன் ஜனாதிபதி ஹிண்டன்பர்க் தலை, சிறியது. இரண்டுக்கும் ஒரே விலைதான். “பெரியதில் வெள்ளி ஜாஸ்தி, அதையே எடுங்கள்” என்றார் கடைக்காரர். காந்தம் வைத்தும் காட்டினார், ஒட்டவில்லை. கவிஞர் கோதே படம் போட்ட 1932 5 மார்க்கும் மலிவாகத் தருகிறாராம். வாங்கலாமா?

பதில்: அவர் சொன்ன காரணம் தப்பு. காட்டிய காசு ஒருவேளை சரியாக இருக்கலாம்.

மரக்காசு 25 கிராம். அதில் பாதிதான் வெள்ளி. ஹிண்டன்பர்க் 13.9 கிராம்தான், ஆனால் 90 சதவீதம் வெள்ளி. பெருக்கிப் பாருங்கள், இரண்டிலும் 12.5 கிராம் வரும். அந்தக் காலத்து 2 மார்க்கிலும் இதே கணக்குதான், மார்க்குக்கு இரண்டரை கிராம்.

காசு சேர்ப்பவர்களிடையே இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசம் வெள்ளியால் வருவதில்லை. ஹிண்டன்பர்க் கோடிக்கணக்கில் அடித்த காசு. ஸ்வஸ்திகா உள்ளது, இல்லாதது என்று 1936-இலேயே இரண்டு வகை உண்டு. இரண்டுமே சுலபமாகக் கிடைக்கும். வெள்ளி விலைக்கு மேல் அதிகம் கொடுக்க வேண்டாம். மரக்காசை, ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மனியான வைமார் குடியரசின் காசு சேர்ப்பவர்கள் தேடி வாங்குவார்கள். அசலாக இருந்தால், ஒரே விலைக்கு அதுதான் லாபம்.

அசலா என்பதுதான் கேள்வியே. காந்தச் சோதனையை நம்பாதீர்கள். இரும்பு இல்லை என்பதைத்தான் அது சொல்லும், பித்தளையும் ஒட்டாது. சட்டைப்பையில் அடங்கும் நகைத் தராசு ஒன்று எடுத்துப் போங்கள். எடை 25 கிராமை ஒட்டி, குறுக்களவு 36 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அப்புறம் காசை நிமிர்த்தி விளிம்பைச் சுற்றிப் பாருங்கள்: ‘ஒற்றுமை, நீதி, சுதந்திரம்’ என்ற பொருளில் ஜெர்மன் வாசகம் ஓடும். எழுத்து மழுங்கியோ, நடுவே ஒட்டுப்போட்ட கோடு தெரிந்தோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கோதே? ஆறு அக்கசாலைகளும் சேர்ந்து சுமார் 20 ஆயிரம்தான் அடித்தன. ஆயிரக்கணக்கான யூரோ போகிற காசு சந்தையில் மலிவாக வராது. அதை எழுத்தில் உத்தரவாதம் தரும் நாணய வியாபாரியிடமே வாங்குங்கள்.

சரி, மரக்காசை வாங்கிவிட்டால், பளபளக்கட்டும் என்று புளி போட்டுத் துலக்காதீர்கள். துலக்கிய காசு என்று தெரிந்தாலே வாங்குபவர் விலையைக் குறைத்துவிடுவார்.