பூச்சி ரத்தத்தில் மெழுகு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எறும்புகள் தங்கள் புற்றைச் சேர்ந்தவர்களை எப்படி அடையாளம் காண்கின்றன என்று நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். எறும்பின் உடல் முழுக்க மெழுகு போன்ற ஹைட்ரோகார்பன்கள் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கின்றன, அந்தக் கலவைதான் புற்றின் வாசனை என்று சொல்லியிருந்தீர்கள். நான் வேதியியல் படிப்பவள். எனக்கு அங்கேயே இடித்தது. இருபத்தைந்து, முப்பது கார்பன் கொண்ட சங்கிலிகள் தண்ணீரில் கரையாது. பூச்சியின் ரத்தம் பெரும்பாலும் தண்ணீர். அதற்கு நம்மைப் போல ரத்தக் குழாய் வலையும் கிடையாது. பிறகு அந்த மெழுகு கால் நுனி வரை எப்படிப் போய்ச் சேர்கிறது? அல்லது தோலிலேயே அங்கங்கே சுரக்கிறதா? ஹார்மோன்களுக்கும், பூச்சிகள் ஒன்றையொன்று அழைக்க வெளிவிடும் ஃபெரமோன்களுக்கும் இதே வழிதானா? தபால்காரர் கொண்டுபோகும் கடிதம் போல ஒவ்வொன்றின் மேலும் ஒரு முகவரி இருக்கும் என்று கற்பனை செய்துகொண்டேன். இந்தப் போக்குவரத்தை மறித்துவிட்டால் பூச்சிக்கொல்லியே தேவைப்படாதே என்றும் தோன்றியது.

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

ஒரு கரப்பான்பூச்சியின் உணர்கொம்பிலிருந்து தொடங்குகிறேன். ஜெர்மன் கரப்பான் எனப்படும் சிறிய பழுப்பு நிற இனத்தில், ஆண் தன் உணர்கொம்பால் பெண்ணின் உணர்கொம்பைத் தொடும். தொட்ட மாத்திரத்தில் திரும்பி, சிறகைத் தூக்கி, முதுகிலுள்ள சுரப்பியைக் காட்டும். இந்த நடனத்துக்குப் பெண் உயிரோடு இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பெண்ணின் உணர்கொம்பை மட்டும் வெட்டியெடுத்து ஒரு குச்சியின் முனையில் பொருத்தி நீட்டினாலும் ஆண் அதையே செய்யும். ஆய்வகங்களில் இதை ஒரு சோதனை முறையாகவே வைத்திருக்கிறார்கள். ஆணைத் தூண்டும் பொருள் 29 கார்பன் சங்கிலி கொண்ட ஒரு கீட்டோன். ஹைட்ரோகார்பன் ஒன்றில் ஓர் ஆக்சிஜன் சேர்ந்து உருவாவது.

அது உணர்கொம்பில் இருக்கிறது, ஆனால் அங்கே உற்பத்தியாவதில்லை. உற்பத்தி நடப்பது வயிற்றுப் பகுதியில், மேலோட்டுக்கு அடியில் இருக்கும் ஈனோசைட் என்ற பெரிய செல்களில். அந்த இனத்தின் மற்ற மேற்பூச்சு ஹைட்ரோகார்பன்களும் அங்கேதான் உருவாகின்றன. கொழுப்பு அமிலங்களை நீட்டி நீட்டி, கடைசியில் ஒரு கார்பனை வெட்டியெறிந்து ஹைட்ரோகார்பன் ஆக்கும் வேலை. அந்தக் கடைசி வெட்டைச் செய்யும் நொதி சிபி4ஜி குடும்பத்தைச் சேர்ந்தது என்பது 2012-இல் பழ ஈயை வைத்து உறுதியானது. ஆக, தோலிலேயே அங்கங்கே சுரக்கிறதா என்ற உங்கள் கேள்விக்குப் பதில்: இல்லை, ஓரிடத்தில் தயாராகி உடல் முழுக்கப் போகிறது.

குழாய் வலை இல்லாதது நீங்கள் நினைக்கும் அளவுக்குத் தடையே இல்லை. முதுகோரமாக ஓடும் நீண்ட இதயம் ஹீமோலிம்ஃப் எனப்படும் பூச்சி ரத்தத்தைத் தலைப்பக்கம் தள்ளுகிறது. அது உடலறைக்குள் கொட்டி, உறுப்புகளை நனைத்துக்கொண்டே திரும்பி வருகிறது. உணர்கொம்பு போன்ற குறுகலான இடங்களுக்கு அடியில் தனியாகச் சின்னத் துணை இதயங்கள்கூட உண்டு. உறுப்புகள் அத்தனையும் ரத்தத்திலேயே ஊறிக் கிடக்கும்போது குழாய் எதற்கு?

கரையாமைதான் உண்மையான சிக்கல். அதைத் தீர்ப்பது லைப்போஃபோரின் என்ற துகள். டால்டன் என்பது மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு; கிட்டத்தட்ட 2,40,000 டால்டனில் ஒன்றும் 80,000 டால்டனுக்குச் சற்றுக் குறைவாக இன்னொன்றுமாக இரண்டு புரதங்கள். ஒரே நீண்ட முன்னோடிப் புரதம் வெட்டுப்பட்டு இந்த இரண்டும் உண்டாகின்றன. வெளிப்பக்கம் தண்ணீரோடு ஒத்துப்போகும். உள்ளே எண்ணெய்ப் பொருட்கள் அடைந்து கிடக்கும். பூச்சிகளின் கொழுப்புப் போக்குவரத்தை அறுபதுகளிலிருந்தே ஆராய்ந்தவர் ஜப்பானைச் சேர்ந்த ஹருவோ சினோ. எரிபொருளாகும் கொழுப்பு பூச்சி ரத்தத்தில் டைகிளிசரைடு (இரண்டு கொழுப்பு அமிலம் கொண்டது) வடிவில் பயணிக்கிறது என்று காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். நம் உடலில் இதே வேலைக்குப் பெரும்பாலும் மூன்று கொழுப்பு அமிலம் கொண்ட டிரைகிளிசரைடு.

எனக்கு இதில் பிடித்த விஷயம் அடுத்தது. நம் ரத்தத்தில் கொலஸ்டிராலைச் சுமக்கும் எல்டிஎல் துகளைச் செல் அப்படியே விழுங்கி, உடைத்து, உள்ளிருப்பதை எடுத்துக்கொள்ளும். துகளின் கதை அதோடு முடிந்தது. லைப்போஃபோரின் பெரும்பாலும் அப்படிச் சாவதில்லை. சரக்கை இறக்கிவிட்டு, மறுபடி ஏற்றிக்கொண்டு, திரும்பத் திரும்ப ஓடுகிறது. நெடுந்தூரம் பறக்கும் வெட்டுக்கிளியில் இது நன்றாகத் தெரியும். முதலில் ரத்தத்திலுள்ள சர்க்கரையை எரிக்கும். பறப்பு நீண்டால் மூளைக்குப் பின்னாலுள்ள சுரப்பியிலிருந்து அடிபோகைனெடிக் ஹார்மோன் வெளியாகும். 1976-இல் அமைப்பு தெரியவந்த இந்த ஹார்மோன் பத்து அமினோ அமிலம் கொண்ட ஒரு பெப்டைடு, அதாவது குட்டிப் புரதம். நீரில் கரைவது, யார் துணையும் வேண்டாம். கொழுப்புத் திசு அதைக் கேட்டு டைகிளிசரைடை வெளியேற்றும். லைப்போஃபோரின் கூடுதலாக ஏற்றிக்கொண்டு பருக்கும். பருத்த மேற்பரப்பை மூட, ரத்தத்தில் சும்மா மிதக்கும் மூன்றாவது சிறு புரதம் ஒன்று பல பிரதிகளாக வந்து ஒட்டிக்கொள்ளும். பறப்புத் தசையில் சரக்கு இறங்கியதும் அவை கழன்று போகும். துகள் பழைய அளவுக்குச் சுருங்கி அடுத்த சுற்றுக்குத் தயார்.

இப்போது உங்கள் தபால்காரருக்கு வருவோம். பை இருக்கிறது, ஆனால் எந்தக் கடிதத்திலும் முகவரி இல்லை. ஒரே லைப்போஃபோரின் டைகிளிசரைடையும், ஹைட்ரோகார்பனையும், கொலஸ்டிராலையும், நிறம் தரும் கரோட்டினாய்டுகளையும் சுமந்து எல்லாத் திசுக்களையும் கடந்து போகிறது. எதை எடுப்பது என்பதை எடுக்கிற திசுதான் தீர்மானிக்கிறது. இதற்கு நல்ல சாட்சி ஹோலோமெலினா என்ற அந்துப்பூச்சி. அதன் பெண் ஆணை அழைக்கப் பயன்படுத்துவதும் ஒரு ஹைட்ரோகார்பன்தான், 18 கார்பன் கொண்டது. மேலோட்டில் பூசப்படுபவை அதைவிட நீளமான சங்கிலிகள். இரண்டும் ஒரே துகளில்தான் பயணிக்கின்றன. ஆனாலும் ஃபெரமோன் சுரப்பி குட்டையானதைப் பொறுக்கி எடுக்கிறது, மேலோடு நீளமானவற்றை எடுத்துக்கொள்கிறது. கரப்பானில் பெருமளவு ஹைட்ரோகார்பன் முட்டை உருவாகும் சூலகத்துக்குள்ளும் போகிறது. முட்டைக்குத் தாய் தரும் சீதனம்.

ஃபெரமோன்கள் எல்லாம் இப்படி என்று எண்ணிவிட வேண்டாம். லைமான்ட்ரியா டிஸ்பார் அந்துப்பூச்சி பாதி வழி: முன்னோடி ஹைட்ரோகார்பன் ஈனோசைட்டில் உருவாகி, லைப்போஃபோரினில் ஏறி வயிற்று நுனியிலுள்ள சுரப்பிக்கு வருகிறது. அங்கே ஓர் ஆக்சிஜன் சேர்ந்த பிறகுதான் அது டிஸ்பர்லூர் என்ற அழைப்பாகிறது. பட்டுப்பூச்சியோ தன் ஃபெரமோனான பாம்பிகாலைச் சுரப்பியிலேயே தயாரிக்கிறது. ரத்தத்தில் வருவது பொருள் அல்ல, ‘தயாரி’ என்ற உத்தரவு மட்டும். 33 அமினோ அமில நீளமுள்ள ஒரு பெப்டைடு ஹார்மோன்.

எண்ணெய்த் தன்மை கொண்ட ஹார்மோன்களில் முக்கியமானது இளமை ஹார்மோன். அது இருக்கும்வரை புழு தோலுரித்தாலும் புழுவாகவே இருக்கும். கரப்பானிலும் கறையானிலும் அதைச் சுமப்பது நம் லைப்போஃபோரின்தான். அந்துப்பூச்சிப் புழுக்களில் அதற்கென்றே தனியாக ஒரு சிறிய புரதம் உண்டு. சுமப்பதோடு காப்பதும் அதன் வேலை, ஏனென்றால் ரத்தத்தில் எஸ்டரேஸ் நொதிகள் இந்த ஹார்மோனை உடைக்கக் காத்திருக்கின்றன. கடைசிப் புழுப் பருவத்தில் அந்த நொதி பெருகி, ஹார்மோன் ஒழிந்து, கூட்டுப்புழுவுக்கு வழி திறக்கிறது.

தோலுரிக்க வைக்கும் எக்டைசோன் ஒரு ஸ்டீராய்டு. புட்டனண்டும் கார்ல்சனும் என்ற வேதியியலாளர்கள் 1954-இல் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து 25 மில்லிகிராம் பிரித்தெடுத்தார்கள் என்பது பூச்சியியலில் புகழ்பெற்ற கணக்கு. ஸ்டீராய்டுகள் செல் சவ்வைத் தாமாகவே ஊடுருவும் என்று பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. நீங்களும் அப்படித்தான் படித்திருப்பீர்கள். 2018-இல் பழ ஈயில், எக்டைசோனைச் செல்லுக்குள் இழுக்க ஒரு கடத்திப் புரதம் வேண்டும் என்று தெரிந்தது. அதை நீக்கினால், ரத்தத்தில் ஹார்மோன் இருந்தும் செல்லுக்கு எட்டுவதில்லை. இங்கும் கதவு பெறுகிறவர் கையில்.

வெளியே காற்றில் பறந்த ஃபெரமோன் ஆணின் உணர்கொம்பை அடைந்ததும் அதே சிக்கல் மீண்டும் வருகிறது. உணர்மயிருக்குள் இருப்பதும் நீர்தான். அங்கே ஃபெரமோன் பிணைப்புப் புரதம் அதை ஏந்திக்கொள்கிறது; வோக்ட், ரிடிஃபோர்டு என்ற ஆய்வாளர்கள் 1981-இல் அறிவித்தது. பட்டுப்பூச்சியில் நரம்பின் சவ்வருகே அமிலத்தன்மை கூடும்போது அந்தப் புரதம் வடிவம் மாறிப் பிடியை விடுகிறது.

கடைசிக் கேள்வி. மறிக்க முடியும். ஈனோசைட்டில் சிபி4ஜி நொதியை முடக்கிய பழ ஈக்கள் மேற்பூச்சு இல்லாமல் எளிதில் நீரிழந்து சாகின்றன. ஆனால் லைப்போஃபோரினையே தாக்கும் மருந்து ஒன்றை நான் விரும்ப மாட்டேன். தேனீக்கும் கொசுவுக்கும் அது பொது. இளமை ஹார்மோனின் பக்கமிருந்து போவது மேல். மெத்தோப்ரீன் என்ற போலி ஹார்மோன் 1975-இலேயே அமெரிக்காவில் பதிவானது. எஸ்டரேஸ் நொதியால் எளிதில் உடைக்க முடியாதது. கொசுப்புழு வாழும் தண்ணீரில் இட்டால், கூட்டுப்புழுவிலிருந்து கொசு வெளிவராமலே போகிறது. இது பூச்சிக்கொல்லிதான், தேவைப்படாமல் போனதாகச் சொல்ல முடியாது. ஆனால் தெளிக்கும் இடத்தையும் பருவத்தையும் நாம் தேர்ந்தெடுக்கலாம்.