'அல்ட்', 'ஃபேவர்': பழைய வியாபாரக் கடிதத்தில் என்ன பொருள்?

வணக்கம். உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு லண்டன் கம்பெனி ஒன்று 1931 ஜனவரி 5 அன்று எழுதிய கடிதத்தில், '28-ஆம் தேதி அல்ட் ஃபேவர் கிடைத்தது' என்று இருப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். அவர் அந்தக் கம்பெனிக்கு ஏதோ உதவி செய்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கால வியாபார ஆங்கிலத்தில் ஃபேவர் என்றால் வெறும் கடிதம்தான். மரியாதைக்காக அப்படி எழுதுவார்கள்.

'அல்ட்' என்பது அல்டிமோ என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம். சென்ற மாதம் என்று பொருள். நடப்பு மாதத்துக்கு 'இன்ஸ்ட்', அடுத்த மாதத்துக்கு 'பிராக்ஸ்'. இங்கேதான் கவனம் வேண்டும். ஜனவரிக் கடிதத்தில் வருவதால் அது 1930 டிசம்பர் 28. நீங்கள் கடிதங்களுக்குப் போட்டிருக்கும் தேதி வரிசையில் அது 1931 என்று இருக்கிறது, மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வரும் கடிதங்களும் குழம்பிவிடும்.

கடைசியில் 'யுவர் ஒபீடியன்ட் சர்வன்ட்' என்று இருப்பது வழக்கமான முடிப்பு, அவ்வளவுதான். அதை வைத்து யார் யாருக்குக் கீழே வேலை பார்த்தார்கள் என்று முடிவு செய்ய முடியாது.

மற்ற சொற்களுக்கு 1913 வெப்ஸ்டர் அகராதியைப் பாருங்கள், இணையத்தில் இலவசம். அந்தக் காலத்துக் கடிதங்களுக்கு இன்றைய சின்ன அகராதிகளைவிட அதுதான் கை கொடுக்கும். அப்புறம், உயில் நகல் எதிலாவது 'ரெலிக்ட்' என்று ஒரு பெண்ணைக் குறிப்பிட்டிருந்தால், அவர் கணவரை இழந்தவர் என்று பொருள்.