பழைய வூஃபருக்கு நானே பெட்டி செய்தால் எத்தனை லிட்டர் வைக்க வேண்டும்?

கேள்வி இதுதான்: பழைய மியூசிக் சிஸ்டத்திலிருந்து கழற்றிய 6.5 அங்குல வூஃபர் (பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி தரும் ஸ்பீக்கர்) இரண்டு கையில் இருக்கின்றன, பின்னால் மாடல் எண் எதுவும் இல்லை. இவற்றுக்கு எவ்வளவு பெரிய பெட்டி அடிக்கலாம், போர்ட் (பெட்டியிலிருந்து காற்று போய்வரும் குழாய்) வைக்கலாமா?

தாராளமாகச் செய்யலாம். ஆனால் லிட்டர் கணக்கை அந்த வூஃபரிடம்தான் கேட்க வேண்டும். 6.5 அங்குலம் என்பது வெறும் சட்டத்தின் அளவு. அதே அளவில் ஒன்றுக்கு 6 லிட்டர் போதும், இன்னொன்று 30 லிட்டர் கேட்கும்.

ஏன் என்றால், பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங். கோன் (வூஃபரில் முன்னும் பின்னும் ஆடும் கூம்பு) உள்ளே வரும்போது காற்று நெருங்கித் திருப்பித் தள்ளும், வெளியே போகும்போது பின்னால் இழுக்கும். எட்கர் வில்ச்சர் 1954-இல் கொண்டுவந்த ஏஆர்-1 ஸ்பீக்கரின் அடிப்படையே இதுதான். வூஃபரின் சொந்தத் தொங்கலை (கோனைத் தாங்கிப் பிடிக்கும் பாகங்களை) தளர்வாக விட்டுவிட்டு, கோனைத் திருப்பிக் கொண்டுவரும் வேலையைக் காற்றிடம் கொடுத்தார். சின்னப் பெட்டியில் சுத்தமான பேஸ் கிடைத்தது அப்படித்தான். 1961-இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் எழுதியதும், எழுபதுகளின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் விரித்ததும் சேர்ந்து இதை ஒரு கணக்காக்கின. இன்றைக்கும் எல்லோரும் போடுவது அந்தக் கணக்குதான்.

அளப்பதற்கு முன்னால் வூஃபரின் உடல்நிலையைப் பாருங்கள். கோனைச் சுற்றியுள்ள வளையம் ஃபோம் என்றால் விரலால் லேசாகத் தொட்டாலே உதிரலாம். உதிர்ந்தால் வளையத்தை மாற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ரப்பர் என்றால் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நான்கு விரல் நுனிகளைக் கோனில் சமமாக வைத்து மெதுவாக உள்ளே அழுத்தி, காதைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். மணல் உரசுவதுபோல் ஒரு சத்தம் வந்தால் வாய்ஸ் காயில், அதாவது கோனின் பின்னால் உள்ள செம்புக் கம்பிச் சுருள், எங்கோ தட்டுகிறது. அந்த வூஃபருக்காக மரத்தை வெட்ட வேண்டாம்.

சரி, இப்போது அளவு. மூன்று எண்கள் வேண்டும். எஃப்எஸ் என்பது வூஃபர் தானாக ஆட விரும்பும் அதிர்வெண். விஏஎஸ் என்பது அதன் தொங்கலுக்குச் சமமான விறைப்பு எத்தனை லிட்டர் காற்றில் இருக்கிறது என்பது. க்யூடிஎஸ் என்பது அந்த ஆட்டம் எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது என்பது. ஒரு 100 ஓம் ரெசிஸ்டர், கணினியின் சவுண்ட் கார்டு, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள் இருந்தால் இம்பீடன்ஸ் (ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் வூஃபர் காட்டும் மின்தடை) வரைபடம் எடுத்துவிடலாம். அதில் ஒரு மலை முகடு எழும்பும். முகடு எங்கே இருக்கிறதோ அதுதான் எஃப்எஸ். முகட்டின் உயரமும் அகலமும் க்யூடிஎஸ்ஸைச் சொல்லும். பிறகு உள்ளளவு தெரிந்த ஏதாவது ஒரு பெட்டியில் வூஃபரை இறுக்கி, மறுபடி அளந்தால் முகடு மேலே நகர்ந்திருக்கும். எவ்வளவு நகர்ந்தது என்பதிலிருந்து விஏஎஸ் வரும்.

என் வூஃபரில் வந்ததைச் சொல்கிறேன். வெளியே 52 ஹெர்ட்ஸ், 10 லிட்டர் சோதனைப் பெட்டிக்குள் 88 ஹெர்ட்ஸ். 88-ஐ 52-ஆல் வகுத்து, வர்க்கமாக்கி, 1 கழித்து, 10-ஆல் பெருக்கினால் விஏஎஸ் சுமார் 18.6 லிட்டர். க்யூடிஎஸ் 0.40. மூடிய பெட்டியில் வூஃபரும் காற்றும் சேர்ந்த க்யூ (க்யூடிஎஸ் போலவே ஆட்டத்தின் கட்டுப்பாட்டைச் சொல்லும் எண்) 0.707 ஆக இருந்தால் பேஸ் மேடு பள்ளமில்லாமல் இறங்கும். அதற்கு 8.75 லிட்டர் வந்தது. 92 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் குறையும்.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். பெட்டி பெரிதானால் பேஸ் கூடும் என்று நினைத்து அதே வூஃபரை 20 லிட்டர் மூடிய பெட்டியில் வைத்தால், 3 டெசிபல் குறையும் இடம் 97 ஹெர்ட்ஸ். கீழே போகவே இல்லை! சரிவு மட்டும் கொஞ்சம் மென்மையாகும். இடம் மிச்சம் என்று 4 லிட்டரில் அடைத்தால் க்யூ 0.95-க்கு ஏறி, 185 ஹெர்ட்ஸ் பக்கம் 1 டெசிபல் மேடு எழும். ஆண்குரல் தடித்துக் கேட்பது அதனால்தான்.

போர்ட் விஷயம். இதே வூஃபருக்கு 20 லிட்டர் பெட்டி, 5 செ.மீ. விட்டமும் 8 செ.மீ. நீளமும் உள்ள குழாய், 50 ஹெர்ட்ஸ் டியூனிங் (குழாய்க் காற்று தானாக ஆடும் அதிர்வெண்) என்று வைத்தால் பேஸ் கிட்டத்தட்ட 49 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் டியூனிங்கிற்குக் கீழே காற்று ஸ்பிரிங்கின் பிடி விட்டுவிடும், கோன் கட்டுப்பாடில்லாமல் ஆடும். எவ்வளவு ஆட்டம் தாங்கும் என்று தெரியாத பழைய வூஃபரை அதில் மாட்ட எனக்கு மனம் வராது. முதல் ஜோடியை மூடிய பெட்டியாகவே செய்யுங்கள். அளவில் சின்னப் பிழை நேர்ந்தாலும் அது மன்னித்துவிடும்.

நான் 18 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பயன்படுத்தினேன். உள்ளளவு 17 × 30 × 19 செ.மீ., அதாவது 9.7 லிட்டர் சொச்சம். வூஃபரின் முதுகும் உள்ளே கொடுத்த குறுக்குச் சட்டமும் ஏறக்குறைய ஒரு லிட்டரைத் தின்றுவிடும் என்பதால் அந்தக் கூடுதல். மூன்று பக்கமும் ஒரே அளவாக இருந்தால் நிலையலைகள் (சுவர்களுக்கிடையே எதிரொலித்து நிற்கும் ஒலி) ஒரே அதிர்வெண்ணில் குவியும், அதைத் தவிருங்கள். எம்டிஎஃப் தூள் மிக நுண்ணியது. அறுக்கும்போது முகமூடி கட்டாயம்.

மூட்டுகளில் மரப்பசை தாராளமாகப் போட்டு, கிளாம்பில் இறுக்கி, பசை லேசாகப் பிதுங்கி வந்தால் நல்லது. காற்று கசியக்கூடாது, எல்லாவற்றிலும் முக்கியம் அதுதான். என் இரண்டு பெட்டிகளில் ஒன்றின் இம்பீடன்ஸ் முகடு மற்றதைவிடக் குட்டையாகவும் மழுங்கியும் வந்தது. வூஃபர்களை மாற்றி மாட்டினேன், அப்போதும் அதே பெட்டிதான். 30 ஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுத்துவிட்டு, டிஷ்யூ தாளில் ஒரு மெல்லிய கீற்றைக் கிழித்து மூட்டு மூட்டாக நகர்த்தினேன். எங்கும் அசையவில்லை. பின்பக்கம் டெர்மினல் தட்டின் (ஒயர் மாட்டும் தட்டின்) ஓரத்துக்கு வந்ததும் கீற்று படபடவென்று துடித்தது; காதை வைத்தால் ‘உஸ், உஸ்’ என்று மூச்சுவிடும் சத்தம். தட்டுக்கடியில் நான் கேஸ்கெட் வைக்காமல் விட்டிருந்தேன். சிலிக்கான் பூசி அடைத்தேன். (புளிப்பு வாடை அடிக்கும் வகை சிலிக்கான் என்றால் வாடை முழுக்கப் போகும்வரை வூஃபரை மாட்டாதீர்கள், அந்த ஆவி உள்ளே இருக்கும் செம்புக்கு ஆகாது.)

உள்ளே பாலியெஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்பினால் போதும், திணிக்க வேண்டாம். முன்பலகை 20 செ.மீ. சொச்சம் அகலம் என்பதால் சுமார் 560 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி பின்பக்கமும் சுற்றிப் பரவி மெலியத் தொடங்கும். கிராஸ்ஓவரில் (ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டர் என்ற உயர்ஒலி ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கும் சுற்றில்) இதை ஈடுகட்ட வேண்டும். ட்வீட்டரும் கிராஸ்ஓவரும் தனியாக எழுத வேண்டிய அளவுக்குப் பெரிய சங்கதி.

சிலிக்கான் காய்ந்ததும் மறுநாள் இரண்டு பெட்டிகளையும் திரும்ப அளந்தேன். ஒன்றில் 91, இன்னொன்றில் 93 ஹெர்ட்ஸ். முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. அப்புறம் ஒரே ஒரு ஆள் பேசும் ஒலிப்பதிவை இரண்டிலும் சேர்த்து ஓடவிட்டேன். முதல் நாள் இடப்பக்கம் சாய்ந்திருந்த குரல், இரண்டு பெட்டிக்கும் நடுவில் வெறும் சுவரிலிருந்து வந்தது.