ஒன்றோடொன்று தொடர்புள்ள, காரண காரியத்தைப் பேசும் சிறுகதைத் தொகுப்பு ஏதாவது சொல்ல முடியுமா?

புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளைத்தான் சொல்வேன். "அது சின்ன வயதிலேயே படித்ததுதானே" என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முயலும் குரங்கும் யானையும் வரும் கதைகளாக, கடைசியில் ஒரு நீதியோடு, தனித்தனியாகப் படித்திருந்தேன். பல வருடம் கழித்து முழு வடிவத்தில் படித்தபோதுதான், சிறுவர் புத்தகங்களில் பாதிக் கதையை வெட்டிவிடுகிறார்கள் என்று புரிந்தது. நீங்கள் கேட்கும் காரண காரியம் அந்த வெட்டிய பாதியில்தான் இருக்கிறது.

பாலி மொழித் தொகுப்பில் 547 கதைகள். ஒவ்வொன்றும் புத்தர் காலத்துச் சம்பவம் ஒன்றில் தொடங்கும். "இது இன்றைக்கு மட்டும் நடந்ததல்ல, முன்பும் நடந்திருக்கிறது" என்று புத்தர் ஒரு பழைய கதையை எடுப்பார். பல கதைகள் வாராணசியில் பிரம்மதத்தன் ஆண்ட காலத்தில் நடக்கும். முடிவில், அன்றைக்கு இருந்த இன்னார்தான் இன்றைக்கு இருக்கும் இன்னார் என்று முடிச்சுப் போடுவார். இந்தப் பகுதிக்குச் சமோதானம் என்று பெயர். புத்தரின் சீடர்களான ஆனந்தர், சாரிபுத்தர், அவரை எதிர்த்த தேவதத்தன் எல்லாரும் கதைக்குக் கதை வேறு வேறு உடலில் திரும்பி வருவார்கள்.

நான்காவது கதையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். சுல்லபந்தகர் என்ற இளம் பிக்குவுக்கு (பௌத்தத் துறவிக்கு) நான்கு மாதம் முயன்றும் ஒரே ஒரு பாட்டு மனப்பாடமாகவில்லை. அண்ணனும் பிக்குதான். "உனக்கு இந்த வாழ்க்கை ஒத்துவராது" என்று அவரே தம்பியை மடத்தைவிட்டுப் போகச் சொல்லிவிடுகிறார். விடியற்காலையில் கிளம்பும் தம்பியை வாசலில் புத்தர் பார்க்கிறார். சுத்தமான ஒரு துணியைக் கையில் கொடுத்து, "அழுக்கு நீங்குக" என்று சொல்லிக்கொண்டே தேய்க்கச் சொல்கிறார். தேய்க்கத் தேய்க்கத் துணி அழுக்காகிறது. அதைப் பார்த்தே அவருக்கு ஞானம் கிடைக்கிறது.

சரி, அவர் ஏன் மந்தமாகப் பிறந்தார்? முன்பு ஒரு பிறவியில் நிறையக் கற்றவராக இருந்தபோது, பாடம் வராமல் திணறிய ஒரு பிக்குவைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். வெட்கப்பட்ட அந்த மனிதர் படிப்பையே விட்டுவிட்டார். துணி ஏன் வேலை செய்தது? இன்னொரு பிறவியில் அவர் ராஜா. நகர்வலம் போகும்போது வெள்ளைத் துணியால் நெற்றி வியர்வையைத் துடைத்து, அது கறைபட்டதைப் பார்த்து நிலையாமையை உணர்ந்திருக்கிறார். வினை என்றால் தண்டனைக் கணக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இங்கே பூட்டும் அவருடையது, சாவியும் அவருடையது. இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதற்குள் இருக்கும் பழைய கதை செத்த எலியைப் பற்றியது. "புத்தியுள்ளவன் இந்த எலியை வைத்தே பிழைத்துக்கொள்வான்" என்று ஒரு செட்டி சொல்வது ஓர் ஏழை இளைஞன் காதில் விழுகிறது. எலியைப் பூனைத் தீனிக்கு ஒரு காசுக்கு விற்கிறான். அந்தக் காசுக்கு வெல்லம் வாங்கி, பூப்பறித்துவிட்டுக் களைத்து வருகிறவர்களுக்கு வெல்லமும் தண்ணீரும் தருகிறான். அவர்கள் ஆளுக்கொரு கைப்பிடி பூ தருகிறார்கள். அப்புறம் புயலில் விழுந்த கிளைகள், குயவரின் சூளை, புல் வெட்டுகிறவர்கள், 500 குதிரைகளோடு வரும் வியாபாரி, துறைமுகத்தில் ஒரு கப்பல். கடைசியில் அவன் கையில் 2 லட்சம். ஒவ்வொரு படியும் முந்தைய படி இல்லாமல் நடக்காது. அன்றைய இளைஞன் சுல்லபந்தகர், செட்டி புத்தர். அன்றும் ஒரு சொல், இன்றும் ஒரு சொல்.

322ஆவது கதை இதற்குத் தலைகீழ். காரணம் என்னவென்று யாரும் பார்க்காமலே காரியம் நடக்கிறது. வில்வப்பழம் ஓலையில் விழுந்த சத்தத்தில், பூமி பிளக்கிறது என்று முயல் ஓட, காடே பின்னால் ஓடுகிறது. சிங்கம் மறித்து "யார் பார்த்தது?" என்று ஒவ்வொருவராகக் கேட்டு, முயலை முதுகில் ஏற்றிக்கொண்டு அந்தப் பழம் வரைக்கும் போகிறது.

எல்லாக் கதையும் இந்தத் தரமில்லை. சிலவற்றில் முடிச்சு சம்பிரதாயமாக விழும். பெண்களைப் பழிக்கும் கதைகளும் இருக்கின்றன. அவற்றை என்னால் ரசிக்கவே முடியவில்லை. 1895 முதல் 1907 வரை 6 தொகுதிகளாக வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எதைப் படித்தாலும், தொடக்கத்தில் வரும் புத்தர் காலத்துச் சம்பவத்தையும் முடிவில் வரும் சமோதானத்தையும் விட்டுவிடாமல் படியுங்கள்.

அடுத்து 18ஆவது கதையை எடுங்கள். பலி கொடுக்கக் கொண்டுவந்த ஆடு முதலில் சிரிக்கிறது, பிறகு அழுகிறது. முன்பு ஒரு பிறவியில் அந்தணனாக இருந்து ஓர் ஆட்டைக் கொன்றதால் 499 பிறவிகளில் தலை வெட்டப்பட்டது. இது 500ஆவது, இன்றோடு விடுதலை என்று சிரிப்பு. இனி இதெல்லாம் உனக்கு வருமே என்று, வெட்டப்போகும் அந்தணனை நினைத்து அழுகை. அவன் பயந்துபோய் ஆட்டை அவிழ்த்துவிட்டு, சீடர்களோடு காவலுக்குப் பின்னாலேயே போகிறான். பாறை ஓரத்துப் புதரில் தழை கடிக்க ஆடு கழுத்தை நீட்டுகிறது. இடி பாறையில் விழுகிறது. தெறித்த சில்லு கழுத்தில் படுகிறது.